கண்ணை மூடிச் சொன்ன ஜெபம்

ஜெபிக்கத் தெரியாதவன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். மற்றதையெல்லாம் சொல்லிக்கொள்ளட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாவிக்கொத்து என்கிறவன் விசுவாசத்தை விட்டுவிட்டான், ஜெபம் பண்ணச் சொன்னால் மாட்டேன் என்றான், அதனால் சபையை விட்டுத் துரத்தினார்கள் என்று லாண்டிரிக்காரி துணி மடிக்கிற நேரமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அது பொய். யாரும் துரத்தவில்லை. அவனாகப் போனான். அவள் அன்றைக்குக் கூட்டத்துக்கே வரவில்லை. வந்தவர்கள் சொன்னதில் தன் பங்குக்கு ஒரு பிடி உப்பைப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

சாவிக்கொத்து என்பது வாலிபப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பேர். சபைக் கட்டிடத்தின் அத்தனை சாவியும் அவன் இடுப்பில்தான் தொங்கும். மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்கும். போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கிற பையன்கள் சட்டென்று வேதத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். அது தெரிந்துதான் அவன் இன்னும் பலமாக ஆட்டிக்கொண்டு வருவான். யாரையும் கையும் களவுமாகப் பிடிப்பதில் அவனுக்கு ஆசை கிடையாது.

முதலில் அவன் பிரிட்ஜ் மெக்கானிக். சபையில் தண்ணீர் குளிரவைக்கிற மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். அதைக் குப்புறக் கவிழ்த்துப்போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் வயதான ஒருவர் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மருமகளைத் திட்டிவிட்டேன், வீட்டுக்குப் போக வெட்கமாக இருக்கிறது, கூட வாரும் என்று, பக்கத்து வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிடுகிற மாதிரி அவர் கூப்பிட்டார். கடவுளிடம் இப்படியும் பேசலாமா என்று ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். மெஷின் சரியாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே வந்தான். அந்தப் பெரியவர் யார் என்று அவன் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ரகசியம் காக்கத் தெரியாதவன் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

சில வருஷத்தில் அவனையே வாலிபர் ஊழியராக வைத்தார்கள். தையல்கடை வைத்திருக்கிற அவன் அக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"கைத்தொழிலை விட்டுட்டு ஊழியமா? உனக்குப் பிரசங்கம் பண்ண வருமாடா?"

"வராது."

"அப்புறம்?"

"நாற்காலி அடுக்க வரும்க்கா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுடைய சீஷத்துவ வகுப்பே நாற்காலியில்தான் தொடங்கும். கூட்டம் முடிந்ததும் அடுக்கிவைத்துவிட்டுப் போகிறவன் சீஷன், மேடை ஏற ஆசைப்படுகிறவன் பேச்சாளன் என்பான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போவான்; அங்கே போய் யாரும் உபதேசம் பண்ணக்கூடாது, பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். குடியிருப்பு, சபை மன்றத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறை. கட்டிலுக்குத் தலைமாட்டில் டிரம், கால்மாட்டில் உடைந்த மைக் ஸ்டாண்டுகள். அதிலும் நிம்மதியாகத்தான் தூங்கினான்.

நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி அந்த வகுப்புக்கு வருவாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிற சபை மூப்பரின் மகள். ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் இறங்கிப்போன பிறகு மாடிப்படியில் நின்றாள்.

"அண்ணா, எனக்கு ஜெபம் பண்ணணும். ஆனா யாருக்கும் தெரியக்கூடாது."

"சொல்லும்மா."

"நான் காலேஜ் போறதில்லண்ணா. மனுஷ ரத்தம் பாத்தா மயக்கம் வருது. யூனிபாரம் போட்டுட்டுக் கிளம்பி, மிருக ஆஸ்பத்திரியில நாய்க்கூண்டு கழுவிட்டு இருக்கேன்."

"நாய் ரத்தம் பாத்தா?"

"அது ஒண்ணும் பண்ணலண்ணா. அதான் எனக்கே புரியல."

இருவரும் சிரித்தார்கள். அப்பாவிடம் தானே சொல்கிறேன், அதற்குத் தைரியம் வரும்படி ஜெபியுங்கள் என்றாள். அவனும் தினமும் ஜெபித்தான். அங்கேதான் வந்தது வினை. தனியாகத் தினமும் சொன்ன வார்த்தை நாக்கில் தடம் போட்டுவிட்டது.

ஞாயிறு மாலைக் கூட்டத்தில் வாலிபர்களுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினான். முன்னால் இருப்பது கூட்டமா, தன் அறையின் கட்டிலோரச் சுவரா என்பது மறந்துபோயிற்று. "யூனிபாரம் போட்டுக்கொண்டு புறப்பட்டு, கல்லூரிக்குப் போகாமல் வேறிடம் போகிற மகளுக்கு, தகப்பனிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் கொடும்" என்று மைக்கில் ஜெபித்தான். வழக்கம்போல எல்லாரும் ஆமென் என்றார்கள். மூன்றாவது வரிசையில் கண்ணாடிக் கடைக்காரர் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். சொன்ன வாய் மூடவில்லை. சபையில் யூனிபாரம் போட்டுக் கல்லூரிக்குப் போகிற மகள் ஒருத்திதான்.

நியாயமாக அன்றைக்கே அவனை உலுக்கி எடுத்திருக்க வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள்? ஆண்டவர் அவனுக்கு வெளிப்படுத்தினார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். மனுஷருக்குத் தெரியாததை ஜெபத்தில் சொன்னான் அல்லவா, அப்படியானால் வரம். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் வாயடைத்து நின்றான். அதையும் தாழ்மை என்றார்கள்.

மறுநாளிலிருந்து அறை வாசலில் வரிசை. மகன் சிகரெட் பிடிக்கிறானா, மருமகன் யாரோடு பேசுகிறான், கொஞ்சம் ஜெபித்துப் பார்த்துச் சொல் தம்பி என்று. பிள்ளைகளோ அவன் சாவிச் சத்தம் கேட்டதும் எழுந்து வேறு பக்கம் போனார்கள். சனிக்கிழமை வகுப்பில் ஜெபக் குறிப்பு கேட்டால், பரீட்சை, தலைவலி, பாட்டிக்கு முட்டிவலி, அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை.

அவன் கண்ணாடிக் கடைக்குப் போனான். அப்பாவும் மகளும் இருந்தார்கள். கடைக்காரர் கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டே வரவேற்றார்.

"வாங்க தம்பி. ஆண்டவர் என் வீட்டைக் கண்டுக்கிட்டாரே, அது போதும். இவளை இனி வெளிய விடறதா இல்ல."

"ஐயா, அது வெளிப்பாடு இல்ல. பாப்பாவே என்கிட்ட சொன்னதுதான்."

"இதுதான் தம்பி உங்ககிட்ட பிடிச்சது. பெருமையே கிடையாது." அவர் சிரித்துக்கொண்டே, அளவெடுக்க உள்ளே போனார்.

அந்தப் பெண் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மன்னிப்புக் கேட்டான்.

"உங்க மேல கோபம் இல்லண்ணா. வாய் தவறிடுச்சு, தெரியும். ஆனா அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? நீ மறைச்சதை ஆண்டவரே ஊருக்குப் போட்டுக் குடுத்துட்டார்ங்கிறாங்க. அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஜெபம் பண்ண வாயைத் திறந்தா, யாரோ கதவுக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருக்கு. மூடிக்கிறேன்."

அவனால் இதைத் தாங்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் கேட்ட ஒரு ஜெபத்தால் கடவுளிடம் வந்தவன் அவன். அவனே இன்னொருத்தியின் வாயை மூடிவிட்டான். அன்றிலிருந்து எழுந்து நின்று சத்தமாக ஜெபிக்கச் சொன்னால், மன்னியுங்கள் என்று உட்கார்ந்துகொண்டான். லாண்டிரிக்காரி சொல்வது இதைத்தான். ஏன் உட்கார்ந்தான் என்பதை அவள் சொல்வதில்லை.

போதகர் அவனை அழைத்துப் பேசினார். நல்ல மனுஷர்தான், ஆனால் புது நாற்காலிகள் நிறைவதைப் பார்த்துக் கொஞ்சம் மயங்கிவிட்டார்.

"அடுத்த ஞாயிறு விசேஷக் கூட்டம் பிரதர். உங்களுக்காகத்தான் ஜனம் வருது."

"பாஸ்டர், பிரிட்ஜில கேஸ் குறைஞ்சா குழாய் முழுக்க சோப்பு நுரை தடவிப் பாப்போம். எங்க குமிழி வருதோ அங்கதான் ஓட்டை. இங்க தடவவே வேண்டாம். ஓட்டை நான்தான். அதை மேடையிலயே சொல்லிடுறேன்."

"அதை எதுக்கு மேடையில சொல்லணும்? தனியா ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன். அவர் பேர்ல பழி விழுந்தது மேடையில பாஸ்டர்."

"சொன்னா இந்த வேலையில உங்களை வெச்சுக்க முடியாது. யாரும் பிள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க."

"அவங்க அனுப்பாம இருக்கிறதுதான் சரி."

விசேஷக் கூட்டத்துக்கு மாடிப்படிவரை ஜனம். கண்ணாடிக் கடைக்காரர் தன் வழக்கமான இடத்தில். கடைசி வரிசையில் அம்மா பக்கத்தில் அந்தப் பெண். அவன் மைக்கைப் பிடித்தான், கண்ணை மூடவில்லை.

"அன்னிக்கு நான் ஜெபத்துல சொன்னதை ஆண்டவர் எனக்குச் சொல்லல. நம்பி ஒருத்தங்க சொன்னாங்க. நான் வெளிய விட்டுட்டேன். அவங்க அதை ஆண்டவர்கிட்ட சொல்லியிருந்தாங்க. அவர் யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் அவர் காப்பாத்தின ரகசியத்தை உடைச்சது நான். இதைத் தெரிஞ்சுக்கங்க."

கண்ணாடிக் கடைக்காரர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, கடைசி வரிசையில் மகளை நெடுநேரம் பார்த்தார். போதகர், ஜெபித்து முடியுங்கள் என்று மெல்லச் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மேடையில் காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்தான். அது வேண்டுமென்று செய்ததில்லை, பழக்கதோஷம்.

நடுவழியாக நடந்தான். நடக்கும்போது சத்தமே வரவில்லை என்பதால் சிலர் அவன் கடந்துபோன பிறகுதான் திரும்பினார்கள். கடைசி வரிசைக்கு வந்தபோது அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக்கூட என்னவென்று கேட்டிருக்காது.

அவன் காது கொடுக்கவில்லை. கதவைத் திறந்து, வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தினான்.