அமாவாசையில ஓடுற தறி

அப்படி இல்லமா, நீ கேட்டது பாதிக் கத. ஜட்ஜம்மா என் புள்ளய திட்டவே இல்ல. மெதுவாத்தான் கேட்டாங்க. உக்காரு, சொல்றேன்.

அவனும் மருமவளும் பிரிஞ்சப்போ நான் மருமவ கூடவே இருந்துட்டேன். பேத்தி இங்கதானே இருக்குது. அவன் வாலாஜாபாத்ல ரூம் எடுத்துக்கினு போயிட்டான். மருமவ பட்டுக்கடைக்குப் போறா. அந்தச் சம்பளத்துல பேத்திக்கு ஃபீஸ் கட்டுனா அரிசிக்கு இல்ல. அதான் ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டுக்குப் போனா. இவன் அங்க போயி, தறிய நிறுத்திட்டேன், வருமானமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டான்.

மருமவளோட வக்கீலம்மா எனக்கு வெளக்கமா சொன்னாங்க. அப்பன் இன்னா சம்பாதிக்கிறான், ஆத்தா இன்னா சம்பாதிக்கிறா, புள்ளைக்கு சோறு, துணி, படிப்பு, மருந்துக்கு இன்னா ஆவுது, எல்லாம் பாத்துத்தான் மாசம் இவ்ளோன்னு போடுவாங்களாம். ஒண்ணுமில்லன்னு இவன் சாதிச்சிட்டா பேத்தி கதி இன்னா, சொல்லு.

அப்பதான் சுவத்துக்கு அந்தாண்ட தறி ஓட ஆரம்பிச்சிது.

அது எங்க வீட்டுக்காரரோட தறி வீடு. தறிமேலயே சாஞ்சி உசுர விட்டாரு மனுஷன். அதுக்கப்புறம் இவன் நெய்ஞ்சான், பிரிஞ்சப்போ பூட்டிட்டான். வாசல்ல பூட்டு தொங்குது. ஆனா மத்தியானத்துல, தெருவே தூங்கறப்போ, உள்ள டக்கு டக்குனு சத்தம். லீவு நாள்ல அதக் கேட்ட மருமவ பயந்து அந்தப் பக்கமே போவ மாட்டா. எனக்கு சந்தோஷம். அவருதான் வந்துட்டாருன்னு நெனச்சேன். உசுரோட இருக்கறப்போ நடுநடுவுல தறிய நிறுத்திட்டு இருமுவாரு. இப்போ இருமல் கேக்கல. செத்தப்புறம் சீக்கு போயிடும்போல இருக்குதுன்னு நிம்மதியா இருந்துது. பின்பக்கத்து ஜன்னல் திண்டுல டீ வச்சேன். சாயந்திரம் டம்ளர் காலி.

அமாவாசையும் வந்துது. அன்னைக்கு நிச்சயம் வருவாருன்னு வடைகூட வச்சேன். சத்தமே இல்ல. ராத்திரி மருமவகிட்ட சொன்னேன். கத்திரிக்கா அரிஞ்சிக்கினு இருந்தவ அப்படியே நிறுத்துனா.

"அத்த, அமாவாசைக்கு நெசவுக்காரங்கதான் தறியில கை வைக்க மாட்டாங்க. ஆவிக்கு எதுக்கு லீவு? எல்லா ஆவியும் வர்ற நாளாச்சே அது."

மறுநாள் மத்தியானம் டீய வச்சிட்டு அங்கயே ஓரமா நின்னேன். தறி நின்னுது. ஜன்னல் லேசா தெறந்துது. உள்ள ஒரே இருட்டு, கை மட்டும் வெளிய வந்துது. அவரு கையேதான்மா, அதே வளைஞ்ச சுண்டுவெரல். எட்டிப் புடிச்சேன். சூடா இருந்துது.

"மா, சத்தம் போடாத," ன்னுது குரலு. என் புள்ள.

"எத்தினி நாளாடா?"

"பின்வாசலால வந்து நெய்யறேன். மொதலாளி கூலிய கைல குடுக்கறாரு, கணக்குல வராது. கம்முனு இரு."

"சுவத்துக்கு இந்தாண்ட உன் பொண்ணு படிச்சிக்கினு இருக்குதுடா. நீயே கோர்ட்ல சொல்றியா, நான் வந்து சொல்லட்டுமா?"

"பெத்த புள்ளமேல சாட்சி சொல்லுவியா?"

"ஆவின்னு நெனச்சி டீ குடுத்தவ நான். எல்லாத்தையும் சொல்லுவேன்."

அவனே போயி சொன்னான். ஜட்ஜம்மா அந்தக் கையப் பாத்தாங்களாம். "இவ்ளோ நல்லா வேல செய்யற கைய வச்சிக்கினு வருமானமே இல்லன்னு எப்படிப்பா சொன்ன?" ன்னு கேட்டுட்டு, மாசாமாசம் இவ்ளோன்னு போட்டாங்க. தவறாம குடுக்கறான். தறியக் கழட்டி, வாலாஜாபாத் பக்கத்துல இருக்கற ஐயம்பேட்டைக்கு எடுத்துக்கினும் போயிட்டான். அந்தாண்ட இப்போ தறிக்குக் கால் வச்சி மிதிக்கிற வெறும் பள்ளந்தான் இருக்குது. பேத்தி எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லிச்சு.

இன்னைக்கு அமாவாச, இல்ல? கொஞ்சம் பேசாம இரு. சுவத்துல காத வை.

கேக்குதா? இப்போ நிக்கும் பாரு. ஆங், இருமறாரு.

நீ ஏன்மா எழுந்துக்கற? உக்காரு, அடுப்புல பால் பொங்குது. அவருக்கு ஆறுன டீ புடிக்காது.