பிடியரிசிச் சோறு

ஆட்சி மாறிய புதிது. அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. செய்தி சேகரிக்கப் போன நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க அந்தச் சின்ன ஓட்டுக்கட்டடத் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்தேன்.

அன்று அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றிப் பூசணி, வாழைத்தார், கரும்பு, கால் கட்டிய சேவல். பிரசங்கம் உருக்கமாகும்போதெல்லாம் சேவல் கூவியது. போதகர் அது முடிக்கும்வரை காத்திருந்து தொடர்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் பின்கட்டில் சண்டை. பண்டிகை விருந்துக்கு ஆண்டுதோறும் அரிசி தருபவர் பண்ணையை நிர்வகிக்கும் காரியக்காரர், ஊர் வழக்கில் ‘ஏஜெண்டு’; அதே சபைக்காரர். இந்த முறையும் புது சம்பா அரிசி ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார். சமைக்க வேண்டியவரோ அவர் பண்ணையில் அறுக்கும் கூலிப் பெண். உலை கொதிக்கிறது, அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“வெளியூர் ஆள வுட்டு அறுத்த நெல்லுங்க. தொட மாட்டேன்னு சங்கத்துல சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“இது கோயில் காரியம்மா” என்றார் போதகர்.

“யாரு அறுத்ததுன்னு சாமிக்குத் தெரியாதாங்க?”

“அப்ப எல்லாரும் குழம்பக் குடிச்சிட்டுப் போங்க” என்றார் காரியக்காரர்.

விருந்துக்குக் காத்திருந்த கூட்டம் முணுமுணுத்தது. அப்போதுதான் சபை மூப்பர் ஒருவருக்குப் பிடியரிசி நினைவு வந்தது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்து, ஞாயிறுதோறும் கோயில் தகர டிரம்மில் கொட்டுவது அங்குள்ள பெண்களின் வழக்கம். டிரம் வந்தது. அரிசியைப் புடைத்துக் களைந்து, சமையல்காரப் பெண் உலையில் போடப்போன நேரம், கூட்டத்தில் ஒரு குரல்: “அதுலயும் ஏஜெண்டு வூட்டு அரிசி கலந்திருக்குமே!”

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?” என்று பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள். ஆனால் உலைமேல் நீட்டிய கை நின்றுவிட்டது.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த காரியக்காரர் மனைவி உலையருகே நின்றவரை நிமிர்ந்து பார்த்தார். “நான் கொட்டுனது எல்லாம் போன போகத்துக் குறுவை அரிசி. புது அரிசி எங்க வூட்டு உலையில இன்னும் ஏறவே இல்ல. குறுவைய அறுத்தது யாரு? நீதான? முதுகு புடிச்சிக்கிச்சின்னு எங்கிட்டயே வந்து தைலம் வாங்கிட்டுப் போனியே!”

“தைலத்த இப்ப எதுக்கு இழுக்கிறீங்கக்கா?” என்றார் சமையல்காரப் பெண். அரிசி உலைக்குள் விழுந்தது. போதகர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பல வீட்டு அரிசி. பாதி குழைந்தது, பாதி விறைத்து நின்றது. “நம்ம சபை மாதிரியே வெந்திருக்கு” என்றார் மூப்பர். ஒரே பந்திதான், காரியக்காரரும் வரிசையில் இருந்தார். அந்தப் பெண்ணே பரிமாறி வந்தார்.

“என் அரிசில ஆக்கியிருந்தா மல்லிப்பூவாட்டம் இருந்திருக்கும்” என்றார் காரியக்காரர்.

“எங்கள அறுக்க வுட்டிருந்தா அதத்தான் ஆக்கியிருப்போம்.”

பந்தியே சிரித்தது, காரியக்காரர் மனைவியின் சிரிப்புதான் அதில் பெரிது. காரியக்காரரும் வேறு வழியின்றிச் சிரித்து, “சரி, போதும், போதும்” என்று இலைமேல் கையை மறித்தார்.

“கைய எடுங்க. நாங்க கூலி மாதிரி அளந்து போடறதில்ல” என்று இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அந்தப் பெண் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.