மெடிக்கல் லீவில் ஒரு பஞ்ச்

காப்பீட்டு ஆபீஸிலிருந்து அந்தக் கடிதம் வந்த காலையில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் அப்போது என் பொறுப்பு. சி.என்.சி. மிஷின் ஓட்டும் ஆபரேட்டர் பாஸ்கருக்கு ரத்தப் புற்றுநோய். அவன் மெடிக்கல் லீவில் இருந்த ஒரு நாளில் மிஷினில் பஞ்ச் விழுந்து வருகை பதிவாகியிருக்கிறதே, எப்படி என்று கேட்டிருந்தார்கள்.

புதிதாக ஹெச்.ஆர். வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்கரின் மனைவி சாந்தி முதலில் மாற்றுத்திறனாளி அட்டைக்குத்தான் அலைந்தாள். அந்தப் பட்டியலில் இந்த நோய் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழிலாளர் காப்பீட்டில்தான் வழி இருந்தது. சாதாரண நோய்க்குச் சில மாதங்களோடு நிற்கும் உதவித்தொகையை இதற்கு நீட்டித்துத் தருவார்கள். டாக்டர் சான்றிதழ் உள்ள நாட்களில் வேலை செய்யக் கூடாது, அதுதான் நிபந்தனை. கூடுவாஞ்சேரியில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த விண்ணப்பத்தை நம்பித்தான் இருந்தது.

பாஸ்கரை வரச் சொன்னேன். மாஸ்க்கும் தொப்பியுமாக வந்தான்.

“இன்னா மேடம், அர்ஜென்ட்டா கூப்ட்டீங்களாம்?”

“மெடிக்கல்ல இருக்கிறவன் எதுக்குப்பா பஞ்ச் வச்சே? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே!”

தொப்பியைக் கழற்றினான். “போட்டா நிக்கிறதுக்கு முடி கூட இல்ல மேடம்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தேன். பிறகு சொன்னான்.

“அன்னிக்கு ஸ்டாப்பிங்ல சும்மா நின்னுகினு இருந்தேன். நம்ம ஷிப்ட் பஸ் வந்துச்சு. டிரைவர் அண்ணா யாரோன்னு நெனச்சு நிறுத்தாம போயிட்டாரு. மனசு கேக்கல. ஷேர் ஆட்டோ புடிச்சு வந்தேன். கேட்ல செக்யூரிட்டியும் யாரு வேணும்னு கேக்குறாரு. பஞ்ச் மிஷின் முன்னாடி மாஸ்க்கை எடுத்துட்டு நின்னேன். என் பேரைப் போட்டு தேங்க்யூன்னுச்சு. அதுக்கு மட்டும்தான் மேடம் என்னைத் தெரிஞ்சுது.”

கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று அவன் பெயரில் உற்பத்திப் பதிவு எதுவும் இல்லை. கேன்டீனில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அவன் வேலை செய்யவில்லை என்று மேனேஜரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, அவனையும் அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் இருந்த காப்பீட்டு ஆபீஸுக்குப் போனேன்.

“அன்னிக்கு மிஷின்ல கை வச்சீங்களா?” என்று கேட்டார் அதிகாரி.

இல்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். “ஆசையாத்தான் இருந்துச்சு சார். ஃபோர்மேன் தொட விடல,” என்றான். மேஜைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஃபார்ம்ல ஆசைக்கெல்லாம் கட்டம் இல்லப்பா,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இனி ஒரு பஞ்ச் விழுந்தாலும் ஆபத்து. மிஷினில் அவன் ஐ.டி.யை நிறுத்த வேண்டும் என்று வெளியே வந்ததும் பாஸ்கரிடம் சொன்னேன்.

“பிளாக் பண்ணிக்கோங்க மேடம். டெலிட் மட்டும் பண்ணிடாதீங்க.”

பிள்ளைகளே, சான்றிதழ் வந்த அன்றே ஐ.டி.யை நிறுத்திவிடுங்கள். அதை ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

நான் இப்போது ஓய்வு பெற்று செம்பாக்கம் வீட்டில் இருக்கிறேன். இன்னும் காலையில் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்துக்கே விழிப்பு வந்துவிடுகிறது. என் டைம் ஆபீஸுக்காக மனம் ஏங்குகிறது. கடைசி நாள் மாலையே என் முகத்தை மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். முறைப்படி செய்ததுதான், ஆனாலும் வலித்தது.

சிகிச்சைக்குப் போய் வரும் நாட்களில் பாஸ்கர் போன் செய்வான். உடம்பைப் பற்றி நான் கேட்கும் முன்பே அவன் கேட்டுவிடுவான்: “மேடம், என் மூஞ்சி உள்ளதானே கீது?”

“இருக்குப்பா,” என்பேன். எனக்குப் பின் வந்த பெண்ணிடம் அப்போதைக்கப்போது விசாரித்துக்கொள்கிறேன்.