நர்மதா கொண்டுவந்த எண்ணூர் மண்

நர்மதாவுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் ஓடிப்போய்விடும், வியாசர்பாடித் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தவள். மண் பரிசோதனைக் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிறாள். எனக்கும் கோபக்காரன் என்றுதான் பெயர். அவள் பக்கத்தில் நான் பச்சைப்பிள்ளை.

எண்ணூரில் கடல் தின்ற ஒரு குப்பத்துக்கு மாற்று வீடு கட்ட இடம் பார்த்தார்கள். துளை போட்டு மண் எடுத்தவள் நர்மதா. மேலே கொஞ்சம் மணல், அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு எவனோ கொட்டிவிட்டுப் போன நிலக்கரிச் சாம்பல்.

குப்பத்தில் மீன் விற்கும் பச்சையம்மா வந்து கேட்டாள்: "கண்ணு, இங்க வூடு கட்னா நிக்குமா?"

"நிக்காதுக்கா. எழுதிக் குடுத்துடறேன், வேற எடம் பாப்பாங்க."

எழுதிக் கொடுத்தாள். எங்கள் மேலதிகாரி பக்தவச்சலம் 'சாம்பல்' என்பதை அடித்துவிட்டு 'இயற்கை வண்டல்' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். கேட்டதற்கு, "சின்ன விஷயம்மா, பெருசு பண்ணாத" என்றாராம். சின்ன விஷயமாம்! சுவர் இறங்கினால் உள்ளே மாட்டப்போவது யார், இவர் மாமனாரா?

அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரம் ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜியாலஜிஸ்டுகள் கூடினோம். மறக்க முடியாத களப்பயணத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேச வேண்டும். பக்தவச்சலம் லடாக்கில் பனியில் மாட்டிய கதையைச் சொன்னார். வருஷா வருஷம் அந்தப் பனி ஒரு அடி ஏறுகிறது. கைதட்டல் வேறு.

அடுத்து நர்மதா. "எனக்கு மறக்க முடியாத எடம் எண்ணூரு" என்று பையிலிருந்த சாம்பல்நிற மண்ணைக் கிள்ளிக் கிள்ளி எல்லோருக்கும் கொடுத்தாள், மேடையில் இருந்தவர்களுக்கும். "வண்டல்னு ரிப்போர்ட்டு போயிருக்கு. பாத்துச் சொல்லுங்க."

எங்கள் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் மண் கிடைத்தால் முன்பல்லில் வைத்துக் கடித்துவிடுவோம். நறநறத்தால் வண்டல், வழவழத்தால் களிமண். மண்டபமே கடித்தது. சாம்பல் என்று தெரிந்திருந்தும் நானும் கடித்தேன், சனியன் பிடித்த பழக்கம்.

பக்தவச்சலம் மட்டும் அதைக் கைக்குட்டையில் சுருட்டினார்.

"இன்னா சார், நீங்க வாயில வெக்கல?"

"மேடையில இதெல்லாம் எதுக்கும்மா…"

"வண்டல்னு கையெழுத்து போட்டது நீங்கதான? கடிங்க சார்."

அவர் வாயைத் திறக்கவில்லை. மண்டபத்தில் ஒவ்வொருவராகத் துப்ப ஆரம்பித்தார்கள்.

"கரிச்சாம்பல்னு தெரிஞ்சிதான பல்லுல வெக்க மாட்டேன்றீங்க? பச்சையம்மாக்கா மட்டும் இதும்மேல புள்ளகுட்டியோட படுத்துகினு தூங்கணுமா?"

பக்தவச்சலம் எழுந்து மைக்குக்குக் கை நீட்டினார். "மாத்திடலாம்மா. மொதல்ல மைக்கக் குடு."

"மாத்தி எழுதிட்டு வாங்கிக்கங்க" என்று நர்மதா பேனாவை நீட்டினாள்.