வெள்ளை வேட்டியில் சூரியனைக் காட்டிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், அவர் திரையாகக் கட்டிய வெள்ளை வேட்டியின் முன் நின்று சூரியனைப் பார்த்தவர்கள். அதன் பின்னணியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதை எழுதும்படி அண்ணியார் என்னைப் பணித்தார்.

அண்ணன் பிறந்தது பழநி அடிவாரத்தில். எங்கள் தந்தையார் காலமானபோது அவருக்கு ஒன்பது வயது, எனக்கு மூன்று. தாயார் யாத்திரிகர் சத்திரத்தில் சமைத்தார். அண்ணனைப் படிக்க வைத்தவர் தாய்மாமா. அவர் நகைகளில் கல் பதிப்பவர். மாமா கல் வைத்த தோடு வேண்டுமென்று திண்டுக்கல்லிலிருந்தும் ஆள் வரும்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் கொடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சிக் கூடத்தில் அண்ணனுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அப்போது பஸ் ஏது? மாமாவே கூட நடந்துபோய் விட்டுவந்தார். காலைதோறும் சூரியனைப் படம் பிடித்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைக் குறிப்பது அண்ணனின் பணி. விடுமுறைக்கு வந்தால் பேச்சு ஓயாது. "இம்புட்டும் நாலு சுவத்துக்குள்ளயே கெடக்குதே, நம்ம சனங்க பாக்க வேண்டாமா?" என்பார். கடைசியில் பழைய தொலைநோக்கி ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தார்.

ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டு முற்றத்தில் அதை நிறுத்தினார். கண் வைக்கும் இடத்தில் விளக்குப்புகை ஏற்றிய கண்ணாடித் துண்டைப் பொருத்தியிருந்தார். முதலில் மாமா பார்க்க வேண்டும் என்றார். மாமா வலக்கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடு தாங்காமல் கண்ணாடி விரிசல் விட்டது. "ஆத்தாடி!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியும் அந்தக் கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை. கல் பதிக்கும் வேலை அன்றோடு போயிற்று. பிறகு பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் மூன்றாண்டுகள் ஊர்ப்பக்கம் வரவில்லை. கடிதம் வரும், மாமாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. மலைக்குத் திரும்ப எடுத்துப்போன தொலைநோக்கியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாராம்.

ஒருநாள் மாமா, "வெரசாக் கிளம்பு" என்று என்னையும் அழைத்துக்கொண்டு மலையேறினார். எங்களை வாசலில் கண்ட அண்ணன் உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தார். மாமா உட்காரவில்லை.

"ஏலே, அந்தக் குழாய எங்க வச்சிருக்க?"

"அந்தச் சோலியே எனக்கு வேண்டாங்க மாமா."

"எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அது பொய். கோவம் கெடக்கத்தான் செய்யுது. ஆனா அடுத்த மாசம் சூரிய கிரகணம். சனமெல்லாம் வெறுங்கண்ணால அண்ணாந்து பாக்கும். நீ வாய மூடிக்கிட்டா அவுகளுக்கு யாரு சொல்லுறது?"

அண்ணன் மாமாவின் காலில் விழுந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதன்பின் அண்ணன் யாரையும் தொலைநோக்கியில் கண் வைக்க விட்டதில்லை. அதன் வழியே வரும் வெளிச்சத்தை, சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய வெள்ளை வேட்டியில் விழச் செய்தார். சாப்பாட்டுத் தட்டளவுச் சூரியன் அதில் வந்து நின்றது. கொடைக்கானல் கடைவீதி ராவுத்தர் தந்த மட்டக்குதிரையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, மாமாவும் அவரும் போளூர், கிளாவரை என்று மலைக்கிராமங்கள்தோறும் நடந்தார்கள்.

போளூருக்கு நானும் போனேன். வேட்டியிலிருந்த புள்ளிகளைப் பார்த்து ஓர் அம்மாள், "ஏங்கய்யா, சூரியனுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டீங்கம்மா. அந்தப் பெரிய புள்ளிக்குள்ள நம்ம பூமியே அடங்கிருங்க" என்றார். அந்த அம்மாள் வாயில் கை வைத்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றார்.

பின்பு மாமா எழுந்து இடக்கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப உங்க மொகம் எனக்குத் தெரியல. கருப்பா ஒரு வட்டம்தான் தெரியுது. சூரியன நேராப் பாத்ததுல வந்தது. புள்ளைகளப் பாக்க விடாதீக" என்றார். அண்ணன் தலைகுனிந்து நின்றார். தம்மைப் பார்க்க வைத்தது அண்ணன்தான் என்று மாமா எந்த ஊரிலும் சொல்லவில்லை.

கிரகணத்தன்று கடைவீதித் திடலில் திரண்ட கூட்டம் முழுவதும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியில் அது தேய்வதையும் வளர்வதையும் பார்த்தது. எவர் கண்ணுக்கும் குறை வரவில்லை. மாமா காலமான பிறகும் அண்ணன் இருபதாண்டுகளுக்கு மேல் இதைத் தனியாகவே செய்துவந்தார்.

கடைசி மாதங்களில் மலைக்குளிர் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. உடன் வேலை பார்த்த நண்பர் காலைதோறும் வந்து, அன்று எத்தனை புள்ளிகள் என்று சொல்லிவிட்டுப் போவார். அண்ணியார் இரவு பகல் பாராது பணிவிடை செய்தார். அந்த நண்பருக்கும், இறுதிவரை வீடு தேடி வந்த மருத்துவருக்கும், குதிரை தந்த ராவுத்தர் குடும்பத்தாருக்கும், மழையிலும் நடந்து வந்து தோள் கொடுத்த போளூர், கிளாவரை மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

படுக்கையில் இருந்தபோது, இனி நம் மலையில் தெரியவிருக்கும் கிரகணங்களை அண்ணன் கணக்கிட்டு எழுதி வைத்தார். அவற்றில் ஒன்றையும் தாம் பார்க்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். கிழித்தெடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.