பூட்ஸ் போட்ட முனியாண்டி

எனக்கு எண்பத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன், யாரிடமும் கைநீட்டியதில்லை. நேற்று பேத்தி கவிதா மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். வாசலில் வெள்ளைக்காரத் துரையின் சிலையைப் பார்த்ததும், அந்தக் கல் பூட்ஸின் குளிர்ச்சி என் நெற்றியில் ஏறியது.

"பட்டாளத்துல இருந்து, அரசியலுக்குப் போயி, அப்புறம் நம்மள ஆளவந்த கவர்னராம், பாட்டி," என்று பலகையைப் படித்தாள்.

என் அம்மாவுக்கு அவர் முனியாண்டி. மீசையும் வாளும் இருந்தால் போதாதா? சண்டைக் காலத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போனபின், அப்போது திடலில் நின்ற இந்தச் சிலைக்குத் தினமும் கற்பூரம் ஏற்றி, சுருட்டு வைத்து, என் நெற்றியைப் பூட்ஸில் அழுத்துவாள்.

"வெள்ளைக்காரனுக்குத் தமிழ் புரியுமா லா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார்.

"சுருட்டு புரியும்லா," என்பாள் அம்மா.

ஒருநாள் ஜப்பான்காரர்கள் சிலையையும் கயிறு கட்டி லோரியில் ஏற்றினார்கள். ஏற்றாத கற்பூரத்தோடு அம்மா நின்றாள்.

"சாமியவே தூக்கிட்டுப் போயிட்டானுங்க. இனி உங்கப்பாவ யாரு கொண்டாருவா?"

அதன்பின் அவள் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை.

சண்டை முடிந்ததும் துரை திரும்பி வந்துவிட்டார். அப்பா வரவில்லை.

எழுத்துக்கூட்டித்தான் எழுதியிருக்கிறேன். கவிதா, அந்தப் பலகையைப் படித்தாயே, அதே மாதிரி இதையும் சத்தமாகப் படி.