அபிவிருத்தி பேடா

தொண்ணூறுகளின் நடுவில், பிப்ரவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. எங்கள் ஆலைக்கு அன்று விடுமுறை என்பதால் கிழமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. மைசூரில் ஒரு கல்லூரி அரங்கில், பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது எப்படி என்று காலை முழுவதும் பேசினார்கள். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்வது, அவற்றின் துணிக்கும் சர்க்கரைக்கும் பணக்கார நாடுகள் சந்தையைத் திறந்துவிடுவது, உதவியை நேரே மக்களிடம் சேர்ப்பது. எல்லாம் நான் முன்பே படித்தவைதான். பலவற்றை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். கடைசியாகப் பேசிய ஐரோப்பிய அதிகாரி, "முதலில் மக்களைக் கேளுங்கள். அவர்கள் கேட்பதைக் கொடுங்கள்" என்றார். நான் பலமாகக் கைதட்டினேன்.

மத்தியானம் அவர் கேட்கப் போவது எனக்குத் தெரிந்தவர்களை. மைசூரின் ஓரத்து ஹெப்பாளில் எங்கள் ஆலையின் பின்சுவரை ஒட்டி, ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. தண்ணீர் எங்கள் பின்வாசல் குழாயில்தான்; அதுவும் காவல்காரருக்கு மனசு வந்தால். அதிகாரியின் அமைப்பு அந்த வருஷம் நகரின் ஓரத்தில் ஒரே ஒரு குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாய் போட்டுத் தரவிருந்தது. இதை நான் முன்பே சொல்லி வைத்ததால், பெண்கள் கூடிப் பேசி, குழாயை மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருந்தார்கள். கேட்கும் பொறுப்பு ஒரு சித்தாள் பெண்ணுக்கு. மேஸ்திரியையே எதிர்த்துப் பேசுகிறவள்.

"வேற எதையாச்சும் கேட்டு வெச்சிராத. உம்பட புருசனுக்குப் பீடிக்கட்டுக் கேட்டாலும் கேப்ப" என்றாள் இன்னொருத்தி.

"அந்தாளுக்குக் குடுத்துக் கட்டுப்படியாகுமா? அமெரிக்காவே கடனாளி ஆயிரும்."

சிரிப்பு அடங்குவதற்குள் கார் வந்துவிட்டது. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை, கூட வந்த விரிவுரையாளர் கன்னடத்தில் சொன்னார். நல்ல மனிதர், மொழிபெயர்ப்பிலும் பிழையில்லை. "நிமகெ எந்தா அபிவிருத்தி பேக்கம்மா?" உங்களுக்கு என்ன மாதிரி அபிவிருத்தி வேண்டும் என்று கேள்வி.

அவள் திரும்பி, பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"அபிவிருத்தி பேடா சாமி" என்றாள். கன்னடத்தில் தொடங்கியவள் பயத்தில் தமிழுக்கு வந்துவிட்டாள். "அது மட்டும் வேண்டாஞ் சாமி. எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நாங்க இப்படியே இருந்துக்கறோம்."

இங்கே வருமுன் நகரின் இன்னொரு பக்கத்தில் அவர்கள் குடிசை போட்டிருந்த இடத்தில், மனை பிரித்து விற்கும் கம்பெனி ஒன்று பலகை நட்டது. அதில் பெரிதாக எழுதியிருந்த சொல் அபிவிருத்தி. பலகை நட்ட வாரமே குடிசைகளைப் பிரித்து, ஆட்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் அறிந்த அர்த்தம் லாரிதான்.

"குழாயைக் கேளு தங்கச்சி" என்றேன்.

"கொழாயும் அதோட சேந்து வர்றதுதானுங்களாண்ணா?"

நான் பதில் சொல்வதற்குள் விரிவுரையாளர் உற்சாகப்படுத்துகிற குரலில், "ஹௌதம்மா, அதூ அபிவிருத்தினே" என்றார். ஆமாம், அதுவும் அபிவிருத்திதானாம்.

"அப்ப அதுவும் பேடா."

அதிகாரியிடம் பலகையைப் பற்றியும் லாரியைப் பற்றியும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சுவாரஸ்யமான விஷயம்" என்றார். "ஆனால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்போது, அவர்கள் சார்பில் நீங்கள் வேண்டும் என்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? இத்தனை காலமும் எல்லோரும் செய்த தவறு அதுதானே?"

காலையில் நான் கைதட்டிய அதே வாக்கியம். எங்கோ ஓரிடத்தில் இவ்வளவு நேர்மையாக யோசித்து வகுத்த திட்டம், எங்கள் பின்சுவருக்கு வந்து ஒரு குழாய்கூடப் போடாமல், மனசாட்சி சுத்தமாகத் திரும்பிப் போனது. குழாய் வேறொரு குடியிருப்புக்குப் போனது.

மே மாதத்தில் ஒரு காலை, பின்வாசலில் குடங்களோடு பெண்கள் காத்திருந்தார்கள். காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"பாத்தீங்களாண்ணா? ஒத்த வார்த்தையில தொரத்தி உட்டுட்டேன். அப்பறம் லாரி வந்துச்சா?"

"வரலைம்மா" என்றேன்.

"வராது" என்று சொல்லிவிட்டு, வரிசையில் தன் இடம் போய்விடாமல் இருக்கக் குடத்தண்டை போய் உட்கார்ந்துகொண்டாள்.